கோவாக் கடற்கரையும் அதன் பின்நிலமும்

மேற்குக் கரையில் சிந்துதுர்க்கத்திலிருந்து கார்வார் வரையில் கடலோரமாகப் பிரயாணம் செய்கிறவர், வெண்மணற் பரப்பையும் தென்னந்தோப்பையும் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தையும் ஏறத்தாழ ஒரே அழகுடன் மீண்டும் மீண்டும் காண்பார். ஆயினும் அந்த நெடுங்கரையின் நடுவே, சுமார் 100 கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு துண்டு மட்டும் உலகப் பிரசித்தி பெற்று, 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சுமார் 14.6 லட்சம் மக்களே வாழும் தன் மண்ணுக்கு 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடிப் பிரயாணிகளை வரவழைத்திருக்கிறது. அந்தத் துண்டே கோவா. மணலும் அலையுமே காரணமென்றால் அண்டைக் கரைகளுக்கும் இதே புகழ் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. ஆகவே, கோவாவின் கவர்ச்சி எதில் அடங்கியிருக்கிறது, அதை உண்டாக்கியவர்கள் யாவர், இன்று அதைக் காப்பவர்கள் யாவர் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வது அவசியமாகிறது. பிரயாணி கடற்கரை என்று அனுபவிப்பது, கரைக்குப் பின்னால் உள்ள கிராமங்கள் பொதுவில் உழைத்துப் பொதுவில் பேணிவந்த ஒரு வாழ்க்கையின் முகப்பே என்பதும், அந்தப் பொதுமை தளருமளவுக்கு முகப்பின் கவர்ச்சியும் தளரும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

நிலமும் நீரும்

கோவாவின் மொத்தப் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். கிழக்கே சஹ்யாத்ரி மலைத்தொடர், மேற்கே அரபிக்கடல், இடையே செம்புரைக்கல் மேடுகளும் பள்ளத்தாக்குகளும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையை மாண்டவி, சுவாரி முதலிய ஆறுகள் குறுகிய தூரத்தில் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதி மிகத் தாழ்ந்திருப்பதால் கடலின் ஏற்றநீர் உள்நாட்டில் வெகுதூரம் புகுந்துவிடுகிறது. இயற்கை விட்டபடியே இருந்திருந்தால், இன்று பிரயாணி காரில் கடந்து செல்லும்போது இருமருங்கும் பசுமையாக விரியும் வயல்களில் பெரும்பகுதி உவர்ச்சேறாகவும் கண்டற் காடாகவுமே கிடந்திருக்கும். அவ்வாறு கிடவாமல் அதை நிலமாக்கியது, 'கஸான்' என்று கொங்கணியில் வழங்கும் வேளாண் ஏற்பாடு. இவ்வகை நிலம் சுமார் 18,000 ஹெக்டேர் என்று கணக்கிடப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் சற்று நின்று பார்க்கத் தக்கது. ஆற்றோரமாகச் சேறு, வைக்கோல், செம்புரைக்கல் ஆகியவற்றால் நீண்ட கரை எழுப்பி, அதன் வெளிப்புறத்தில் அலையின் வேகத்தைத் தாங்கும் கண்டல் மரங்களை வளரவிட்டார்கள். கரையின் இடையில் 'மானஸ்' எனப்படும் மதகு, அதில் மரக்கதவுகள். ஆற்றில் ஏற்றநீர் எழும்போது அந்நீரின் அழுத்தமே கதவுகளைத் தள்ளி மூடிவிடுகிறது. வற்றுநீரின்போது வயலில் தேங்கிய நீர் உள்ளிருந்து தள்ளித் திறந்துகொண்டு வெளியேறுகிறது. கடலின் ஏற்றவற்றமே இங்கே காவலாள். கைபிடித்துத் திறப்பவரும் மூடுபவரும் வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் பெருமழை நிலத்தின் உப்பைக் கழுவியதும், உவர் தாங்கும் 'கொர்குட்' என்னும் நெல்லை விதைப்பார்கள். அறுவடைக்குப் பின் சில இடங்களில் மீன் வளர்ப்பும் சில இடங்களில் உப்பளமும் நடக்கும். மதகுவாயில் இரவு வேளையில் வற்றுநீருக்கு எதிரே பைவலை கட்டி இறாலும் மீனும் பிடிக்கும் உரிமையைக் கிராமத்தார் ஏலத்தில் விடுவார்கள். அந்த வருமானம் கரையைப் பழுதுபார்க்க உதவும். நண்டு துளைத்த ஒரு பொந்தைக் கவனியாமல் விட்டால், அதே பொந்து அடுத்த பெரும் ஏற்றநீரில் உடைப்பாகி, ஊர் வயல் முழுவதையும் உவராக்கிவிடக்கூடும் என்பதால், கரையைச் சுற்றிப் பார்ப்பது ஒருவருடைய விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமாக இருந்ததில்லை.

அந்தக் கடமையைப் பங்கிட்டு நடத்திய ஸ்தாபனமே 'காவ்ங்காரி' என்னும் கிராமச் சமுதாயம். நிலம் சமுதாயத்தின் சொத்து. ஆண்டுதோறும் அது குத்தகை ஏலம் விடப்படும். வருமானத்திலிருந்து கரை, மதகு, கோயில், விழா ஆகியவற்றின் செலவு போக மிச்சத்தை ஆதிக்குடிகளின் வழித்தோன்றல்கள் பங்கிட்டுக்கொள்வர். போர்ச்சுகீசியர் இதை அழிக்கவில்லை. 1526-இல் அபோன்சோ மேஷியா என்னும் அதிகாரி தொகுத்த சாசனத்தில் இக்கிராம வழக்கங்களைப் பதிவுசெய்து, 'கொமுனிதாதே' என்ற தம் பெயரையும் சூட்டி, வரிவசூலுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். இந்தச் சமுதாயத்தைப் பூரண சமத்துவம் நிலவிய பொற்காலமாகப் புகழ்வது தவறு. பெண்களும், உழைப்பையே கொடுத்த கீழ்த்தட்டுக் குடிகளும் பெரும்பாலும் பங்குக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். எனினும், ஊருக்கு உரியதை ஊரே காக்கவேண்டும் என்ற தர்மம் அதில் இருந்தது. கோவாவின் நிலக்காட்சி அந்தத் தர்மத்தின் விளைவு.

சரித்திரத்தின் படிவுகள்

கடம்ப அரசர் காலத்தில் சந்திரபுரமும் பின்னர் சுவாரி ஆற்றங்கரையிலுள்ள கோபகபட்டணமும் சிறந்து விளங்கின. அக்காலத்துக் கலையின் எச்சமாகக் கிழக்கே மலையடிவாரக் காட்டில், தாம்டி சுர்லா என்னுமிடத்தில், கருங்கல்லாலான மகாதேவர் ஆலயம் இன்றும் நிற்கிறது. பாமினி, விஜயநகரம், பிஜாப்பூர் என்று கைமாறிய கோவாத் துறைமுகத்தை 1510-ஆம் ஆண்டு நவம்பரில் அபோன்சோ தெ அல்புகர்க் கைப்பற்றினார். அதன்பின் நானூற்றைம்பது ஆண்டுகள், 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழையும் வரை, கோவா போர்ச்சுகலின் ஆளுகையில் இருந்தது.

பழைய கோவா என்று இன்று வழங்கும் நகரம் அந்த ஆட்சியின் செல்வச் செழிப்பைக் காட்டும் ஒரு பாழ்நகரம். 1594-இல் தொடங்கி 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட பொம் ஜேசுஸ் பசிலிக்கா, புனித கத்தரீனாவுக்கு நேர்ந்த பேராலயம், இடிந்து ஒற்றைக் கோபுரமாய் நிற்கும் அகுஸ்தினார் மடம் முதலியவற்றை உள்ளடக்கிய இக்கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. கொள்ளைநோய்கள் இந்நகரத்தின் குடியைச் சிதறடித்தன. 1843-இல் தலைநகரம் சட்டப்படி பனாஜிக்கு மாறியது.

பொம் ஜேசுஸில் திருவுடல் வைக்கப்பட்டிருக்கும் புனித சவேரியார் 1542-இல் கோவாவில் இறங்கி, அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழ்நாட்டு முத்துக்குளித்துறைக்குச் சென்று பரதவரிடையே பணிபுரிந்தவராதலால், தமிழ் வாசகருக்கு இவ்விடம் அந்நியமானதன்று. மற்றொரு தொடர்பு இதனினும் நுண்ணியது. இந்தியாவின் முதல் அச்சுப்பொறி 1556-இல் கோவாவில், சேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியில் நிறுவப்பட்டது. தமிழ் எழுத்துக்கள் முதலில் 1577-இல் அங்கேயே வார்க்கப்பட்டன. மறு ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலின் கடைசிப் பக்கத்தில், கோவாவில் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் அடுத்தடுத்து மாதிரியாகக் காட்டப்பட்டிருக்கின்றன. தமிழ் அச்சின் பிறப்புக் கதை கோவாவை விட்டுத் தொடங்குவதற்கில்லை.

அதே சமயத்தில் இச்சரித்திரத்தின் கொடுமையையும் மறைத்தலாகாது. 1560-இல் நிறுவப்பட்ட மதவிசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை நீடித்தது. போர்ச்சுகீசியர் முதலில் கைப்பற்றிய திஸ்வாடி, பார்தேஸ், சால்செத் ஆகிய பகுதிகளில் கோயில்கள் இடிக்கப்பட்டன; பக்தர்கள் தங்கள் தெய்வங்களைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்து, அப்போது பிற அரசர் வசமிருந்த போண்டாப் பகுதிக்குச் சென்று குடியமர்த்தினர். குசஸ்தலியிலிருந்த மங்கேசர் பிரியோலுக்கும், கேளோசியிலிருந்த சாந்தாதுர்க்கை கவளேக்கும், வெர்ணாவிலிருந்த மகாலசை மார்தோலுக்கும் வந்தது இவ்வாறே. இவ்வாலயங்களின் முன்னே நிற்கும் பல அடுக்குத் தீபஸ்தம்பமும், கும்மட்டக் கூரையும், நெடிய வளைவுச் சன்னல்களும், துரத்தியவனுடைய தேவாலயச் சிற்பமுறையையும் துரத்தப்பட்டவனுடைய வழிபாட்டையும் ஒரே கட்டடத்தில் சேர்த்துவிட்டிருக்கின்றன. கடற்கரையோரம் சிலுவையும் உள்நாட்டில் கோயிலுமாகப் பிரயாணியின் கண்ணுக்குத் தோன்றும் பிரிவினை இந்த இடப்பெயர்ச்சியால் வந்தது.

விழாவும் கலையும்

பிரிந்த இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் கைவிட்டுவிடவில்லை. மாபுசா நகரின் தேவாலயத்தில் ஈஸ்டருக்குப் பிந்திய வாரங்களில் கொண்டாடப்படும் மிலாக்ரிஸ் மாதாவின் திருவிழாவுக்கு இந்துக்களும் திரளாக வந்து எண்ணெய் வார்த்து வணங்குகிறார்கள். அவளைச் சிர்காவ் கிராமத்தில் தீமிதித் திருவிழா காணும் லாய்ராய் தேவியின் உடன்பிறந்தாளாக மக்கள் கருதுவது இதற்குக் காரணம். இவ்விரு தலங்களுக்கும் இடையே எண்ணெயும் மலரும் பரிமாறும் வழக்கம் இருந்ததாகவும் கூறுவர்.

மழைக்காலத்தில், விடுதிகள் வெறிச்சோடிக் கிடக்கும் நாட்களில், கோவா தனக்காகவே விழா எடுக்கிறது. ஜூன் 24-இல் வரும் சான் ஜுவான் திருநாளன்று இளைஞர்கள் பூவும் இலையும் கட்டிய மகுடம் சூடி, 'கும்மட்' என்னும் வாத்தியத்தின் முழக்கத்துடன் வீடுவீடாகச் சென்று, மழையால் விளிம்பு தொட நிரம்பிய கிணறுகளில் குதிக்கிறார்கள்; அவ்வாண்டு மணமுடித்து வந்த மாப்பிள்ளைக்கு அன்று தனிக் கௌரவம். ஐந்து நாள் கழித்து ஜூன் 29-இல் மீனவர்கள் தங்கள் தோணிகளை இணைத்துக் கட்டிய மிதவை மேடையில் 'சாங்கோட்' என்னும் விழாவை ஆற்றின்மீது நடத்துகிறார்கள். மாசி, பங்குனியில் 'சிக்மோ', கிறிஸ்தவரின் தவக்காலத்துக்கு முன்னே 'கார்னிவல்', ஆவணியில் சதுர்த்தி விநாயகருக்கு மேலே காய்கனிகளைக் கட்டித் தொங்கவிடும் 'மாட்டோளி' என்று ஆண்டின் சக்கரம் சுழல்கிறது. கார்னிவல் ஒன்றுதான் பிரயாணிகளின் கூட்டத்துக்காகப் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டது; ஏனையவை இன்னும் ஊராருடையவை.

மேற்சொன்ன 'கும்மட்' இருபுறமும் திறந்த ஒரு மண்பானை. அகன்ற வாயில் முன்பு உடும்புத்தோல் கட்டுவார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஆட்டுத்தோல் அவ்விடத்தைப் பிடித்தது. 2019-இல் மாநில அரசு அதைப் பாரம்பரிய வாத்தியமாக அறிவித்தது. மந்தகதியில் காதலையும் பிரிவையும் பாடும் 'மாந்தோ' என்னும் பாடல்நடனம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகைகளின் கூடங்களில் வளர்ந்தது. அதற்கு வயலினும் கும்மட்டும் சேர்ந்தே பக்கவாத்தியம். பாமர மக்களின் அரங்கோ 'தியாத்ர்'. 1892 ஏப்ரல் 17-இல் பம்பாயில், பிழைப்புத் தேடிச் சென்ற கோவாக்காரர்களுக்கிடையே முதன்முதல் மேடையேறிய இக்கொங்கணி நாடகம், காட்சிகளுக்கு இடையே பாடப்படும் 'காந்தாரம்' என்னும் பாடல்களில் அமைச்சர் முதல் ஊராட்சித் தலைவர்வரை ஒருவரையும் விடாமல் பரிகசிக்கும் உரிமையை இன்றளவும் காத்துவருகிறது. மகாராஷ்டிரத்தோடு இணைவதா வேண்டாமா என்று 1967 ஜனவரியில் நடந்த மக்கள் கருத்துக்கணிப்பில் தனித்திருக்கவே மக்கள் தீர்ப்பளித்ததற்கும், 1987-இல் கொங்கணி ஆட்சிமொழியாகிக் கோவா தனி மாநிலமானதற்கும் இம்மொழியின் பாட்டும் நாடகமும் ஆற்றிய தொண்டு சிறிதன்று.

அடுப்பும் வடிசாலையும்

உணவைப் பொறுத்தவரை, கோவாவின் சமையலறை கடல்வாணிபத்தின் சுருக்கமான சரித்திரம் எனலாம். மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி ஆகியவற்றைப் புதிய உலகத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். திராட்சை மதுவிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் அவர்கள் நாட்டுப் பக்குவம், இங்கே தென்னங்கள்ளின் காடியையும் மிளகாயையும் ஏற்று விந்தாலுவாக மாறியது. கிறிஸ்தவர் வீட்டின் சொர்பொதேல் என்னும் இறைச்சிக் கறியும் இந்துவின் வீட்டில் கோகம் புளியிட்ட மீன்குழம்பும் வேறுவேறு சம்பிரதாயங்கள் என்றாலும், இருவருக்கும் அன்றாட ஆகாரம் சோறும் தேங்காய் அரைத்த மீன்குழம்புமே. 'பெபிங்கா' என்னும் இனிப்பைச் செய்யும் பொறுமை தனியே குறிப்பிடத் தக்கது: தேங்காய்ப்பாலும் முட்டைக்கருவும் கலந்த மாவை ஒரு கரண்டி ஊற்றி, மேலே தணலிட்ட மூடியால் மூடி, அது சிவந்தபின் அடுத்த கரண்டியை ஊற்றி, இவ்வாறு அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றி முடிக்க அரைநாள் செல்லும்.

காலையில் சைக்கிளின் பின்னே பெருங்கூடை வைத்து, ரப்பர் ஊதியைப் பொம்பொம்மென்று அமுக்கிக்கொண்டு தெருத்தெருவாக வரும் 'பொதேர்' கோவாவின் மற்றொரு ஸ்தாபனம். தவிடு கலந்த பொய், மேலே கெட்டியும் உள்ளே மென்மையுமான உண்டோ, வளையல் வடிவான காங்கொண் என்று அவர் கொண்டுவரும் ரொட்டிகளுக்கு முன்னாளில் கள்ளே புளிப்பேற்றியது. பனை, தென்னை ஏறுவோர் குறைந்தபோது ரொட்டியின் சுவையும் மாறிவிட்டதென்று முதியோர் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஒரு தொழில் தளர்ந்தால் அதை அண்டிய மற்றொன்றும் தளர்கிறது.

முந்திரிப் பெனியின் கதையும் அத்தகையதே. மார்ச் முதல் மே வரை குன்றுச்சரிவுகளில் தானே உதிர்ந்த பழங்களை மட்டும் பொறுக்கி, கொட்டையைத் திருகி நீக்கி, பாறையில் குடைந்த தொட்டியிலிட்டுக் காலால் மிதிப்பார்கள். மிதித்த சக்கையைக் குவித்துக் கல் ஏற்றும்போது தானே சொட்டும் தெளிந்த சாறு 'நீரோ'; அதைக் குளிரக் குளிரக் குடிப்பார்கள். மிதித்த சாறு இரண்டு மூன்று நாள் புளித்தபின் முதலில் வடிப்பது 'உர்ராக்', மறுபடி வடிப்பது பெனி. 2009-இல் புவிசார் குறியீடும் பெற்ற இப்பானத்துக்கு வேண்டிய மூலப்பொருள், குன்றும் அதன் மரங்களும். குன்றை வெட்டி மனைகளாக்கிய இடத்தில் குறியீடு இருந்தும் பயனில்லை.

சுற்றுலாவின் வளர்ச்சி

1960-களின் பிற்பகுதியில் மேலைநாட்டு ஹிப்பிகள் கலங்குட்டுக்கு வந்தபோது அங்கே விடுதிகள் இல்லையென்றே சொல்லலாம். மீனவரும் கள்ளிறக்குவோரும் தம் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தனர். வந்தவர்கள் கைப்பணம் தீர்ந்ததும் தம் உடைமைகளை விற்றது, பின்னர் அஞ்சுனாவின் புதன்கிழமைச் சந்தையாயிற்று. அவர்களுடைய பௌர்ணமி இரவுகளின் வாத்தியக் கச்சேரி, 'கோவா டிரான்ஸ்' என்னும் மின்னிசை வகையாக உலகெங்கும் பரவியது. 1612-இல் கட்டிய அகுவாடாக் கோட்டையின் கீழ்க்கொத்தளத்தை ஒட்டி 1970-களில் நட்சத்திர விடுதி ஒன்று எழுந்தது. 1980-களின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து தனிவாடகை விமானங்கள் நேராக டாபோலிம் விமான நிலையத்தில் இறங்கத் தொடங்கின. அறையை வாடகைக்கு விட்ட கடலோரக் குடும்பம் தன் கணக்கில் சம்பாதித்த நிலை மாறி, வெளிநாட்டில் முன்பணம் கட்டி வருகிறவர் விடுதியின் மதிலுக்குள்ளேயே உண்டு உறங்கும் நிலை அப்போது தோன்றிற்று. அதை எதிர்த்து, 'ஜாக்ருத் கோயங்காரான்சி ஃபௌஜ்' என்னும் இயக்கத்தார் விமான நிலையத்திலேயே ஆர்ப்பாட்டம் செய்தனர்.

இன்று காட்சி மீண்டும் மாறியிருக்கிறது. 2019-இல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டினர் தொகை 2024-இல் ஐந்து லட்சத்துக்குக் கீழே நின்றது. கூட்டம் பெருகியது முற்றும் உள்நாட்டினரால். 2023 ஜனவரியில் வடகோடியிலுள்ள மோபாவில் இரண்டாவது விமான நிலையம் இயங்கத் தொடங்கியபின் பெர்ணேம் பகுதியின் மோர்ஜிம், ஆஷ்வெம், அரம்போல் கரைகளும் நெருக்கடிக்கு உள்ளாயின. பாகா, கலங்குட், கண்டோலிம் ஆகிய வடகரைகள் இரைச்சலுக்கும், கோல்வா, பெனாவ்லிம் முதலிய தென்கரைகள் நீண்ட வெண்மணலுக்கும், பாலோலெம், அகோந்தா ஆகியவை குன்றணைத்த வளைகுடாக்களுக்கும் பேர்போனவை என்பது பிரயாணிகள் அறிந்ததே. இவற்றை வருணிப்பதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கரையைக் காக்கும் சட்டம் இல்லாமலில்லை. அலை எட்டும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் எழலாகாதென்று 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1991-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அதற்குச் சட்டவடிவம் தந்தது. மணலிலுள்ள 'ஷாக்' என்னும் ஓலைக்குடில் உணவகங்கள் மழை நின்றபின் எழுந்து அடுத்த மழைக்குமுன் பிரித்தெடுக்கப்படுவது இவ்வகை விதிகளால்தான். சட்டத்தைச் செயற்படுத்தியதில் பெரும்பங்கு வழக்குத் தொடுத்த குடிகளுக்கும் கிராம சபைகளுக்கும் உரியது. விளைநிலத்தையும் குன்றையும் குடியிருப்பாக்க வழிவகுத்த 'வட்டாரத் திட்டம் 2011' என்ற வரைவை, ஊர்தோறும் எழுந்த எதிர்ப்பின் காரணமாக அரசு 2007 ஜனவரியில் திரும்பப்பெற்றதே சான்று.

கரைவலையும் விசைப்படகும்

கடற்கரையின் முதற்குடிகளைப் பற்றிச் சொல்லாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது. 'ராம்போண்' என்பது கோவாவின் கரைவலை. பெருந்தோணி ஒன்று வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுக்கொண்டே சென்று கரையேற, இரு முனையிலும் கயிற்றைப் பிடித்துப் பல பத்துப் பேர் அடியெடுத்து அடிவைத்து இழுப்பார்கள். கானாங்கெளுத்தியும் மத்தியும் மணலில் துள்ளும். தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவர்க்கு ஒரு பங்கு என்று அங்கேயே பிரியும். தற்செயலாகக் கைகொடுத்தவரும் வெறுங்கையோடு போவதில்லை. 1970-களில் இறால் ஏற்றுமதியை நாடி, அரசின் கடனுதவியுடன் இழுவலை விசைப்படகுகள் பெருகி, கரையோரம்வரை வந்து குஞ்சும் முட்டையும் கூட்டி வாரியபோது, ராம்போண்காரர்கள் மத்தானி சல்தான்ஹா போன்றோரின் தலைமையில் ஆண்டுக்கணக்காகப் போராடினர். 1980-இன் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் அப்போராட்டத்தின் பயன். இந்தியாவின் பாரம்பரிய மீனவர் இயக்கம் தேசிய வடிவம் பெற்றதிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

சட்டம் வந்தும் ராம்போண் மங்கிவிட்டது. மீன் குறைந்தது ஒரு காரணம். வலை இழுக்கவும் உலர்த்தவும் வேண்டிய திறந்த மணல், சாய்வு நாற்காலிகளுக்கும் நீர்விளையாட்டுக்கும் போயிற்று என்பது மற்றொன்று. படித்த பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் சம்பளம் தேடிப் போவது மூன்றாவது. பல தோணிகள் இன்று பிரயாணிகளை ஓங்கில் காட்ட அழைத்துச் செல்கின்றன. அதில் வரும்படி அதிகம், ஆபத்து குறைவு. மீனவரை அதற்காகக் குறைகூறுவது அநீதி. ஆனால் மணற்கரை பொதுக்களமாக இருந்த நிலை போய்த் தனித்தனிக் கடைகளின் வாசலாக மாறுவதை மட்டும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டிலும் அதே கதை. கஸான் நிலங்களின் சீர்கேட்டுக்குச் சுற்றுலாவை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. உண்மை சற்றுச் சிக்கலானது. 1964-இன் குத்தகைச் சட்டமும், உழுபவனுக்கு நிலம் என்ற பின்னைய திருத்தமும் நியாயமான நோக்கத்தோடு வந்தவை. அவை நிலத்தின் பயனைக் குத்தகையாளரிடம் சேர்த்தன. கரை காக்கும் கடமையோ பழைய சமுதாயத்திடமிருந்து நழுவி, குத்தகையாளர் சங்கங்களிடம் முழுமையாக ஊன்றாமல் போயிற்று. மதகுமீன் ஏலத்தில் மிகுந்த பணம் கிடைத்ததால், உவர்நீரை வேண்டுமென்றே உள்ளே விட்டு வயலைக் குட்டையாக்கிய இடங்களும் உண்டு. தரிசாகிய வயல் பின்னர் மனை விற்பவனின் கண்ணில் படுகிறது. கிணற்றுநீர் உவர்ப்பதும், குன்றை வெட்டியதால் ஊற்று வற்றுவதும், லாரித் தண்ணீரை நம்பி விடுதிகள் நடப்பதும் இந்தச் சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள்.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. மோர்ஜிம், அகோந்தா, கல்ஜிபாக் கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் கூடுகளை வனத்துறையும் உள்ளூராரும் சேர்ந்து வேலியிட்டுக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். முன்பு அந்த முட்டைகளைத் தோண்டி உண்டதும் அதே ஊர்கள்தாம். பொறுப்பும் கௌரவமும் ஊரிடம் ஒப்படைக்கப்படும்போது பழக்கம் மாறுகிறது என்பதற்கு இது போதிய ஆதாரம்.

செய்யத்தக்கன

சுற்றுலாவால் கோவாவுக்கு நன்மை விளையவில்லை என்று எவரும் வாதிக்க இயலாது. இரும்புத்தாதுச் சுரங்கங்களை 2012-இலும் மீண்டும் 2018-இலும் உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது, மாநிலத்தின் பொருளாதாரத்துக்குச் சுற்றுலாவே ஊன்றுகோலாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. ஆகவே, வருகிறவர்களைத் தடுப்பது பரிகாரமாகாது. வருகிறவர் செலுத்தும் பணத்தில் ஒரு நிலையான பகுதி, அவர் காண வந்த காட்சியை உண்டாக்கும் ஏற்பாடுகளுக்குத் திரும்பிப் போகவேண்டும். சாலையும் விமான நிலையமும் சுற்றுலாவின் அடிப்படை வசதிகள் என்று ஏற்கும் அரசு, கஸான் கரையையும் மதகையும் அதே பட்டியலில் சேர்ப்பது முதற்படி. கரைவலை இழுக்கும் மணலை அவ்வூர் மீனவருக்கென்று எல்லை குறித்து ஒதுக்குவது இரண்டாவது. நிலப் பயன்பாட்டை மாற்றும் எந்த முடிவுக்கும் கிராம சபையின் ஒப்புதலைப் பெறுவது மூன்றாவது. பழைய சமுதாயத்தில் இடம் பெறாதிருந்த பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அச்சபையில் சம உரிமை உண்டாதலால், இது பழைமைக்குத் திரும்புதலாகாது. பழைமையின் குறையைத் தீர்த்து அதன் குணத்தை வைத்துக்கொள்ளுதலேயாகும்.

பிரயாணிக்கும் ஒரு சொல். கோவாவில் மூன்று நாள் தங்குகிறவர் அதில் ஒரு நாளைக் கடலுக்கு முதுகு காட்டிச் செலவிடுவாரானால், போண்டாவின் கோயில்களையும், சந்தோரின் பழைய மாளிகையையும், சோராவ் தீவின் கண்டற் காட்டையும், ஏதேனும் ஒரு மதகுவாயையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். கரையில் தாம் உண்ட மீனும் சோறும் எங்கிருந்து வந்தன என்பது அவருக்கு விளங்கும்.

வந்துபோனவர் தொகையை ஆண்டுதோறும் வெளியிட்டுப் பெருமைப்படும் அரசு, அவ்வாண்டில் பழுதுபார்க்கப்பட்ட கரை எத்தனை கிலோமீட்டர், மீண்டும் உழவுக்கு வந்த தரிசு எத்தனை ஹெக்டேர், கடலில் இறங்கிய ராம்போண் எத்தனை என்னும் கணக்குகளையும் அதே பக்கத்தில் வெளியிடட்டும். இவை குன்றும்போது முதற்கணக்கு ஏறுமாயின், கோவா தன் முதலையே வருமானமாகச் செலவிட்டுவருகிறதென்று பொருள். அந்த முதல் தீர்ந்தபின் எஞ்சுவது, மேற்குக் கரையில் எங்கும் கிடைக்கும் மணல்தான்.